நான்கு சட்டைகளும் ஓர் இடது கையும்

என் இடது கை வலது கையைவிட ஓர் அங்குலம் குட்டை. பத்து வயதில் மரத்திலிருந்து விழுந்து தோளுக்கருகே எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் அதன்பிறகு வளர்வதில் வலது கையோடு போட்டி போட அது மறுத்துவிட்டது. இதனால் எனக்குப் பெரிய தொந்தரவு ஒன்றும் இல்லை, முழுக்கைச் சட்டையைத் தவிர. வலது கஃப், அதாவது கையின் முனையில் பட்டன் போடும் பட்டி, மணிக்கட்டில் அடக்கமாக நிற்கும்போது இடது கஃப் உள்ளங்கை வரை இறங்கி எட்டிப் பார்க்கும்.

வேடிக்கை என்னவென்றால், நான் பத்தொன்பது ஆண்டுகள் ஓர் ஏற்றுமதிச் சட்டைத் தொழிற்சாலையில் உற்பத்தித் திட்டமிடும் பிரிவில் இருந்தவன். நாளொன்றுக்கு ஆறாயிரம் சட்டைகள் பெட்டியில் ஏறும். ஒன்றுகூட எனக்குச் சேராது. ஊருக்கெல்லாம் சட்டை அனுப்பிவிட்டு, இடது கையை ஒரு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவேன்.

தையற்காரரிடம் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனேன், பலமுறை. கை சரியாக வரும். காலர்தான் தொழிற்சாலைக் காலர் மாதிரி நிற்காது. பசைத்துணி வைத்துச் சூட்டில் அழுத்தி எடுத்த காலரை ஒருமுறை போட்டுப் பழகியவனுக்கு வேறு எதுவும் பிடிப்பதில்லை. ஆகவே, ‘உங்கள் உடலுக்கென்றே தொழிற்சாலையில் தைக்கப்படும் சட்டை’ என்று ஒரு செயலி கண்ணில் பட்டதும் விட முடியவில்லை. ஒன்றரை ஆண்டில் நான்கு சட்டைகள் வாங்கியிருக்கிறேன். நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே கட்டிங் பிரிவில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு என்னால் தொல்லை வரக்கூடாது. காரணம் பின்னால் தெரியும்.

இன்னொரு விஷயத்தையும் முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நான் நடுநிலையான வாடிக்கையாளன் இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் முதலாளி ஏதோ ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்து, “ஆளுக்கொரு அளவில் தைத்துக் கொடுக்கிறார்களாமே, நாமும் செய்யலாமா? கணக்குப் பார்த்துச் சொல்லுங்கள்” என்றார். மொத்த உற்பத்தியின் வேகத்தில், ஏறக்குறைய அதே செலவில், ஒவ்வொருவருக்கும் தனிப் பொருள். 1987இல் அமெரிக்க மேலாண்மை எழுத்தாளர் ஸ்டான் டேவிஸ் இதை மாஸ் கஸ்டமைசேஷன் என்றார். தமிழில் ‘பெருந்திரள் தனிப்பயனாக்கம்’ என்று எழுதுகிறார்கள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு சட்டைக்குப் பட்டன் வைத்துவிடலாம். அதே 1987இல் ஜப்பானின் நேஷனல் பைசைக்கிள் நிறுவனம், பானாசோனிக் சைக்கிள்களை வாங்குபவரின் உடலளவுக்கும் ரசனைக்கும் ஏற்பச் செய்து தரத் தொடங்கியது. ஃபிரேம், நிறம், கைப்பிடி என்று சேர்த்துப் பார்த்தால் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வகைகள் வரும். இரண்டு வாரத்தில் சைக்கிள் கையில். எங்கள் முதலாளியை மயக்கியது இந்தச் சைக்கிள்தான்.

நான் ஒரு மாதம் உட்கார்ந்து கணக்குப் போட்டு, ‘வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

எங்களிடம் ஓர் ஆர்டர் என்றால் குறைந்தது ஐயாயிரம் சட்டை. நீள மேஜையில் துணியை நூறு அடுக்கு விரித்து, சட்டைத் துண்டுகளின் வடிவங்கள் வரைந்த மார்க்கர் தாளை மேலே வைத்து, நின்று வெட்டும் கத்தியால் ஒரே ஓட்டமாக வெட்டுவோம். புது மாடல் லைனில் ஏறும் முதல் நாள் பாதி உற்பத்திதான் வரும். கை பழக மூன்று நான்கு நாட்கள் ஆகும். ஒவ்வொரு சட்டையும் புது மாடல் என்றால் கை எப்போது பழகுவது? மெஷினில் உட்காரும் அம்மாளுக்குப் பீஸ் ரேட், தைத்த எண்ணிக்கைக்குத்தான் கூலி. நூறு கஃபை ஒரே மாதிரி தைத்தால்தான் அவருக்குக் கூலி கட்டுப்படியாகும். ஒவ்வொன்றுக்கும் நூலை மாற்று, பாபினை மாற்று என்றால் நாளின் முடிவில் பாதிகூடத் தேறாது. வாடிக்கையாளரின் ஆசைக்கு அந்த அம்மாளின் கூலியிலிருந்து பணம் போகும்.

துணி இன்னொரு தலைவலி. ஆயிரக்கணக்கான மீட்டருக்குக் குறைந்தால் ஆலைக்காரர் சாயநூலில் புது டிசைன் ஓட்டித் தர மாட்டார். வளரும் நாடுகளில் துணி பக்கத்து ஊரிலிருந்து வருவதும் எல்லா நேரமும் நடப்பதில்லை. வங்கதேசத்தின் சட்டைத் தொழிற்சாலைகள் பலவற்றுக்கு நெசவுத் துணி சீனாவிலிருந்து கப்பலில் வருகிறது. கப்பலை நம்பி, ‘பத்து நாளில் உங்கள் சட்டை’ என்று யாருக்கு வாக்குக் கொடுப்பது? போதாததற்கு, 1994இல் அளவெடுத்துத் தைக்கும் பெண்கள் ஜீன்ஸைத் தொடங்கிய அமெரிக்க ஜீன்ஸ் நிறுவனமான லீவைஸ் அந்த முயற்சியைப் பத்தாண்டுகளுக்குள் கைவிட்டிருந்தது. அதை அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் சேர்த்தேன். முதலாளி அதற்குப் பிறகு சைக்கிள் பேச்சை எடுக்கவில்லை.

பின்னாளில் சீனாவின் சிங்தாவ் நகரத்து ரெட் காலர் நிறுவனத்தைப் பற்றிப் படித்தேன். ஆளுக்கொரு அளவில் கோட்டுசூட்டை ஏழு வேலைநாட்களில் தைத்து அனுப்புகிறார்கள். ஒவ்வோர் ஆடையோடும் ஒரு சிப் அட்டை லைன் முழுக்கப் பயணம் செய்கிறது. தைப்பவர் அதைப் படிக்கருவியில் காட்டியதும், எந்த நூல், எந்தத் தையல் என்பது முன்னால் இருக்கும் திரையில் வந்துவிடுகிறது. கை பழகத் தேவையில்லை, கண் பார்த்தால் போதும். அன்றிலிருந்து என் அறிக்கை நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது. முதல் சட்டைக்கு நான் ஆர்டர் கொடுத்ததில் கையின் பங்கு பாதி, இந்த உறுத்தலின் பங்கு பாதி.

செயலியைத் திறந்தால் காலரில் ஒன்பது வகை, கஃபில் ஐந்து, பட்டனில் பதினான்கு. கஃபின் உட்பக்கத்துக்கு வேறு துணி வைத்துக்கொள்ளலாம், பெயரை எம்பிராய்டரி செய்துகொள்ளலாம். துணி மட்டும் இருபத்தாறே இருபத்தாறு. மற்றவர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு நம்பிக்கை வந்ததே இதைப் பார்த்துத்தான். கிடங்கில் ரோலாக நிற்பதை மட்டும் காட்டுகிறார்கள், கப்பலை நம்பவில்லை என்று அர்த்தம். காலர் அளவு அரை அங்குலம் அரை அங்குலமாகத்தான் ஏறுகிறது. உள்ளே வைக்கும் பசைத்துணியை அந்த அளவுகளில் முன்கூட்டியே வெட்டி அடுக்கியிருப்பார்கள். அதுவும் சரிதான். எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று முதலில் முடிவு செய்யாதவர்கள் இந்தத் தொழிலில் மூழ்கிப் போவார்கள்.

அளவு கொடுக்க இரண்டு வழிகள். முன்னாலும் பக்கவாட்டிலும் நின்று இரண்டு படம் எடுத்து அனுப்பலாம். அல்லது இஞ்சு டேப்பால் பன்னிரண்டு இடங்களில் அளந்து எழுதலாம். சோதனைக்காக இரண்டையும் செய்தேன். படம் என் மார்பளவை ஒன்றரை அங்குலம் கூட்டிச் சொன்னது. வயதுக்குக் கொடுத்த மரியாதை என்று வைத்துக்கொண்டேன். டேப் வழியிலும் ஒரு குழி இருக்கிறது. ‘கை நீளம்’ என்ற இடத்தில் படம் தோள்முனையிலிருந்து கோடு போட்டுக் காட்டுகிறது. கீழே இருக்கும் எழுத்தோ பின்கழுத்தின் நடுவிலிருந்து அளக்கச் சொல்கிறது. இரண்டுமே உலகத்தில் வழக்கத்தில் உள்ள முறைகள்தான். இரண்டுக்கும் நடுவே எட்டு ஒன்பது அங்குல வித்தியாசம் இருக்கிறது. நான் தொழிலில் இருந்தவன், பிடித்துவிட்டேன். புதியவர்கள் படத்தையே நம்புங்கள்.

பிறகு, இடது கை நீளத்துக்கான பெட்டியைத் தேடினேன். இல்லை. கை நீளம் என்று ஒரே ஒரு பெட்டி. பதினான்கு பட்டன் வைத்திருப்பவர்கள் கையை ஒன்று என்று எண்ணியிருந்தார்கள். சரி, வலது கை அளவைக் கொடுத்துவைத்தேன்.

ஒன்பதாம் நாள் முதல் சட்டை வந்தது. போட்டுப் பார்க்கும் முன்பு அதை உள்பக்கமாகத் திருப்பி விளக்கின் கீழே பிடித்தேன். இது பழைய நோய். தையல் அங்குலத்துக்குப் பதினான்கு, சீராக இருந்தது. பக்கத் தையலில் நூல் எங்கும் தொங்கவில்லை. முன்பட்டியில் கோடுகள் கோட்டோடு சேர்ந்தன. அக்குள் வளைவை என்னிடம் இருந்த பழைய நாற்பதாம் அளவுச் சட்டையின் மேல் வைத்துப் பார்த்தேன், அச்சாகப் பொருந்தியது. அதாவது என் உடலுக்கென்று வெறுந்தாளிலிருந்து யாரும் வரையவில்லை. கையிருப்பில் உள்ள பேட்டர்னில், அதாவது வெட்டு வடிவங்களில், எனக்கு நெருக்கமானதை எடுத்து, நீளத்தையும் இடுப்பையும் கையையும் மட்டும் இழுத்துக் குறைத்திருக்கிறார்கள். விளம்பரத்தில் சொன்னது இதுவல்ல, ஆனால் தொழிற்சாலை செய்ய வேண்டியது இதுதான். மார்பும் இடுப்பும் நீளமும் கச்சிதம்.

தோள்பட்டைத் துணியின் உள்ளே ஒரு சிறிய ஸ்டிக்கர் எடுக்காமல் விடப்பட்டிருந்தது. வெட்டிய துண்டுகள் ஒன்றோடொன்று கலந்து நிறம் மாறிவிடாமல் இருக்க ஒட்டும் பண்டில் ஸ்டிக்கர். எங்கள் தொழிற்சாலையில் அதில் 17/20, 18/20 என்று இருக்கும், இருபது அடுக்குப் பண்டிலில் இது பதினேழாவது அடுக்கு என்று. இதில் 1/1 என்று அச்சாகியிருந்தது. பண்டிலில் மொத்தமே ஒரு சட்டை. பத்தொன்பது ஆண்டுகளில் நான் பார்த்திராத எண். பேசாமல் அதை உரித்து என் பர்ஸில் ஒட்டிக்கொண்டேன்.

துவைத்த பிறகு ஒரு விஷயம். வலது கை இருபத்து நாலரை அங்குலம் வந்தது. மூன்று துவையலுக்குப் பின் இருபத்து நாலு. பருத்தித் துணி இரண்டு சதவிகிதம் சுருங்குவது இயல்பு. நாம் கொடுக்கும் அளவு துவைப்பதற்கு முன்னா, பின்னா என்று அவர்கள் எங்கும் சொல்லவில்லை. அரை அங்குலம் சேர்த்தே கொடுங்கள். இடது கஃப் வழக்கம்போல உள்ளங்கையில்.

இரண்டாம் ஆர்டரில்தான் கவனித்தேன், கடைசிப் பக்கத்தில் ‘குறிப்பு’ என்று ஒரு பெட்டி இருந்தது. ‘இடது கை மட்டும் ஓர் அங்குலம் குறைவாக இருக்கட்டும்’ என்று எழுதி அனுப்பினேன். மூன்றாம் நாள் ஒரு பெண்ணிடமிருந்து தொலைபேசி வந்தது.

“கட்டிங் செக்‌ஷனிலிருந்து பேசுகிறேன், சார். இடது கை மட்டும்தானே? ஒரு அங்குலத்தை எங்கே எடுக்கட்டும், மணிக்கட்டிலா, மேலேயா?”

இந்தக் கேள்விக்காகவே நான் அவர்களுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுப்பேன். கை, கீழே போகப்போகக் குறுகும் வடிவம். மணிக்கட்டில் வெட்டினால் வாய் அகலமாகிவிடும், கஃபுக்கு மேலே உள்ள திறப்பின் நீளமும் குறைந்து பட்டன் இடம் மாறும். முழங்கைக்கு மேலே பேட்டர்னிலேயே எடுத்தால் எல்லாம் தன் இடத்தில் நிற்கும். “மேலே எடுங்கள் அம்மா” என்றேன். “அப்படித்தான் நினைத்தேன், சார். கேட்டுக்கொண்டால் நல்லது என்று” என்றார். இடதில் எத்தனை பட்டன், கடிகாரம் கட்டுவேனா என்றும் கேட்டார். கட்டுவேன் என்றதும், கஃபில் கால் அங்குலம் விடுவதாகச் சொன்னார். செயலியில் கடிகாரத்துக்கும் பெட்டி கிடையாது.

சட்டை வரப் பதினாறு நாட்கள் ஆயின. ஆகட்டும். ஐம்பத்தேழு வயதில் முதன்முறையாக ஒரு தொழிற்சாலைச் சட்டையில் என் இரண்டு கஃபும் ஒரே இடத்தில் நின்றன. அன்று முழுவதும் கடிகாரத்தைத் தேவையில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறிக்கையில் நான் கோட்டைவிட்டது இந்தப் பெண்ணைத்தான். இயந்திரம், துணி, கூலி என்று எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தேன். எங்கள் தொழிற்சாலையில் பேட்டர்ன் தெரிந்த இருபது பேர் இருந்ததை எடுக்கவில்லை. அடிடாஸ், ஜெர்மனியின் ஆன்ஸ்பாக்கிலும் அமெரிக்காவின் அட்லாண்டாவிலும் ஸ்பீடுஃபாக்டரி என்று ரோபோக்களை நிறுத்தி, வாங்குபவரின் பக்கத்திலேயே ஷூ செய்யப் பார்த்தது. 2019 நவம்பரில் இரண்டையும் மூடுவதாக அறிவித்து, அந்தத் தொழில்நுட்பத்தை ஆசியாவில் இருக்கும் தன் சப்ளையர்களிடம் கொண்டுபோனது. தொழில் தெரிந்த கைகள் அங்கே இருக்கின்றன. அந்தக் கைகளை ஒரே தையலை ஆயிரம் முறை போடவைக்கத்தான் நாங்கள் பயன்படுத்தினோம்.

இனி குறை. மூன்றாம் ஆர்டரின்போது செயலி புதுப்பிக்கப்பட்டிருந்தது. காலர் பன்னிரண்டாகியிருந்தது, சட்டையைச் சுழற்றிச் சுழற்றிப் பார்க்கலாம். குறிப்புப் பெட்டியைக் காணவில்லை. பழைய அளவு சேமிப்பில் இருக்கும் என்று நம்பி ஆர்டர் கொடுத்தேன். எட்டே நாளில் வந்தது, இரண்டு கையும் சமமாக. வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டேன். “சிஸ்டத்தில் அந்த ஆப்ஷன் இல்லை, சார்” என்றார் ஓர் இளைஞர். போன முறை செய்து தந்தீர்களே என்றால், “அப்படிச் செய்ய வாய்ப்பே இல்லை, சார்” என்கிறார். நான் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் பேசிக்கொண்டிருந்தேன்.

பெட்டியை ஏன் எடுத்தார்கள் என்பது எனக்குப் புரிகிறது. குறிப்பு என்றால் ஒரு ஆள் படிக்க வேண்டும், ஒரு போன், ஒரு காத்திருப்பு. நூற்றில் ஐந்து பேர் குறிப்பு எழுதினால் லைன் தடுமாறும். திட்டமிடும் பிரிவில் இருந்திருந்தால் நானேகூட எடுத்திருப்பேன். ஆனால் அதற்குப் பதிலாக ஒரு எண்ணைக் கேட்டிருக்கலாம். இதுதான் என்னை எரிச்சலூட்டுகிறது. நூறு அடுக்கு விரித்து வெட்டும் காலத்தில் வலது கையும் இடது கையும் கண்ணாடிப் பிம்பம் மாதிரி ஜோடியாகத்தான் மார்க்கரில் போகும். ஒன்றை மாற்றினால் நூறு சட்டையில் மாறும். அதனால் பேட்டர்ன் மென்பொருளில் கைக்கு ஒரே உருவத்தைப் போட்டு, ‘ஜோடி’ என்று குறித்துவிடுவோம். இவர்களோ ஒற்றை அடுக்காக வெட்டுகிறார்கள். 1/1 ஸ்டிக்கரே சாட்சி. வெட்டும் இயந்திரத்துக்கு வலது கை ஒரு துண்டு, இடது கை இன்னொரு துண்டு, அவ்வளவுதான். இரண்டும் வேறு அளவில் இருந்தால் அதற்கு ஒரு நொடிகூட அதிகம் பிடிக்காது. ஒரு சட்டைக்கான இயந்திரத்தை வாங்கிவிட்டு, நூறு சட்டைக்கான வழக்கத்தை அதன் தலையில் ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

மூக்குக்கண்ணாடிச் சீட்டைப் பாருங்கள். வலது கண்ணுக்கு ஒரு வரி, இடது கண்ணுக்கு ஒரு வரி. பாதி முடித்த வில்லைகளை முன்கூட்டியே செய்து அடுக்கிவைத்து, சீட்டு வந்த பிறகு பின்பக்கத்தை மட்டும் அந்தந்தக் கண்ணுக்கேற்பத் தேய்க்கிறார்கள். யாரும் இதற்குப் பெரிய பெயர் வைக்கவில்லை, எத்தனையோ காலமாக நடக்கிறது. பல்வரிசையைச் சீராக்கும் இன்விசலைன் உறைகள் மெக்சிகோவின் ஹுவாரெஸ் நகரத்துத் தொழிற்சாலையில் செய்யப்படுகின்றன. ஒவ்வோர் உறையும் ஒரே ஒருவர் வாய்க்கு, அதுவும் சிகிச்சையின் ஒரே ஒரு கட்டத்துக்குத்தான் பொருந்தும். ‘பல்லுக்கு ஒரே பெட்டிதான்’ என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

யார் வாங்கலாம் என்றால், உயரமானவர்கள், ஒல்லியானவர்கள், கழுத்து பெருத்துத் தோள் குறுகியவர்கள் தாராளமாக வாங்கலாம். கடையில் வாங்கும் நல்ல சட்டையைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விலை, அதற்குத் தகும். அளவை நீங்களே எடுக்காதீர்கள், இன்னொருவரை எடுக்கச் சொல்லுங்கள். குனிந்து டேப்பைப் பார்த்தாலே மார்பளவு மாறிவிடும். அவசரத்துக்கு வேண்டாம். திருப்பி எடுத்துக்கொள்வதில்லை; இலவசமாகத் திருத்தித் தருகிறார்கள், ஆனால் நீளத்தைக் குறைக்க மட்டும். கூன் விழுந்தவர்கள், ஒரு தோள் தாழ்ந்தவர்கள், என்னைப் போன்றவர்கள், உண்மையில் இந்தச் சேவை யாருக்காக இருக்க வேண்டுமோ அவர்கள், கொஞ்சம் பொறுங்கள்.

நான் பொறுக்கவில்லை. சென்ற மாதம் நான்காம் சட்டைக்கு ஆர்டர் கொடுத்தேன். செயலியில் நம் இஷ்டத்துக்கு எழுத மிஞ்சியிருந்தது ஒரே ஓர் இடம், எம்பிராய்டரிக்கான பெயர்ப் பெட்டி. இடைவெளியையும் சேர்த்து எட்டு எழுத்துக்கு மேல் ஏற்காது. யோசித்து யோசித்து ‘இடது 1 குறை’ என்று எழுதினேன், எண்ணிப் பார்த்தால் சரியாக எட்டு. நூல் நிறம் கருநீலம். கட்டிங் மேஜையில் அந்தப் பெண்ணின் கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம் என்று விட்டுவிட்டேன்.

பதினொன்றாம் நாள் வந்தது. இடது கை முழங்கைக்கு மேலே ஓர் அங்குலம் குறைக்கப்பட்டிருந்தது. கஃபில் கடிகாரத்துக்குக் கால் அங்குலம் விட்டிருந்தது. அதே கஃபின் மேல், அங்குலத்துக்கு ஒரு பிசிறு இல்லாமல், பளிச்சென்ற கருநீல நூலில் ‘இடது 1 குறை’ என்று எம்பிராய்டரியும் செய்யப்பட்டிருந்தது. நேற்று ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “செக்கிங்கில் பிடித்துவிட்டார்கள் போலிருக்கிறதே, தள்ளுபடியில் வாங்கினீர்களா?” என்று கேட்டார்.